வளையாத டிஸ்க்குக்கு மூன்று சோடிக் காசு

ஹபரணையிலிருந்து கந்தளாய்ப் பக்கம் இரவில் ஓடி வந்தவர்களுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை. முன் லைற்றில் முதலில் தெரிவது யானையின் கால். உடம்பு இருட்டோடு இருட்டாய் நிற்கும். 2023 சித்திரை விடுமுறை முடிந்து நுவரெலியாவிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தக் காலைக் கண்டதும், மணிக்கு எழுபது கிலோமீற்றரில் வந்த காரின் பிரேக்கை முழுப் பலத்தோடு அமத்தினேன். கார் நின்றது. ஆனால் நிற்கும்வரை ஸ்டியரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. பெடல் காலுக்குக் கீழே குதித்தது. பின்னால் நித்திரையாய்க் கிடந்த மகள் எழும்பி, "அப்பா, கல்லு ரோட்டா?" என்றாள். நல்ல கார்ப்பெட் ரோட்டு அது. யானை எங்களை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் கடந்து போனது.

மனைவி வீடு வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஏனென்றால் அந்தக் காருக்கு ஐந்து வருடத்தில் நான் போட்ட மூன்றாவது சோடி முன் பிரேக் டிஸ்க் அது, சில்லோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு.

கார் 1990ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 200 ஈ. டபிள்யூ 124 என்று சொல்லும் உடம்பு. முன் கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர் ஓடுமே, அதுதான். கொழும்பில் இருந்த பெரியப்பா கண் பார்வை குறைந்ததும் 2017இல் என்னிடம் தந்தார். "வித்துப்போடாத, உனக்கு இப்பிடி ஒண்டு பிறகு கிடைக்காது" என்றார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், அவர் சொன்னது பலித்தது. என் சம்பளத்துக்கு இது பொருந்தாத கார்தான். ஆனால் முப்பது வருடம் கழிந்தும் கதவைச் சாத்தும்போது அலுமாரி சாத்துகிற மாதிரிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே பல செலவை மன்னித்திருக்கிறேன்.

முதல் அதிர்வு 2018இல் வந்தது. எண்பதில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் இடம் வலமாக நடுங்கும். உப்புவெளிப் பக்கம் ஒரு கராஜில் காட்டினேன். "டிஸ்க் வளைஞ்சுபோச்சு சேர்" என்றார்கள். புதுச்சோடி போட்டோம், வெண்ணெய் மாதிரி நின்றது. மூன்று, நாலாயிரம் கிலோமீற்றர் ஓடியதும் பழையபடி நடுக்கம். லேத்தில் கொடுத்துச் சீவினோம். இரண்டு மாதம் நல்லாயிருந்தது. பிறகு இரண்டாவது சோடி. அதுவும் அதே தூரத்தில் நடுங்கத் தொடங்கியது. 2021இல் மூன்றாவது சோடி. "இப்ப வாற இரும்பு சரியில்ல" என்று கராஜ்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். பிள்ளைகளுக்கு, அளக்காமல் ஒரு முடிவும் எழுதக்கூடாது என்று முப்பது தரம் சொல்லியிருப்பேன். என் சொந்தக் காரில் மூன்று சோடி இரும்பை, ஒருதரமும் அளக்காமல் தூக்கி எறிந்திருக்கிறேன்.

யானைக்குப் பிறகுதான் கிண்ணியா நானாவிடம் போனேன். சக ஆசிரியர் ஒருவர் கைகாட்டியது. நானா பதினைந்து வருடம் கட்டாரில் வேலை பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு வேலை செய்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. நான் "டிஸ்க் வளைஞ்சுபோச்சு நானா" என்றதும் சிரித்தார்.

"ஆரு சேர் சொன்ன? நீங்க அளந்தீங்களா?"

எனக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முன் சில்லைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். நீலப் பட்டுத் துணிக்குள் டயல் கேஜ், மயிரிழை ஆட்டத்தையும் முள்ளால் காட்டுகிற கருவி. காந்த அடி உள்ள தாங்கியில் பூட்டி, டிஸ்க்கின் வெளி விளிம்புக்குப் பத்து மில்லிமீற்றர் உள்ளே ஊசியை முட்டவைத்து, டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார். ஒரு சுற்றுக்கு முள் பதினாலு கோடு போய் வந்தது. ஒரு கோடு நூறில் ஒரு மில்லிமீற்றர். அதாவது 0.14 மில்லிமீற்றர் ஆட்டம். "பாத்தீங்களா, வளைஞ்சுதான் இருக்கு" என்றேன் நான். அவர் பேசாமல் டிஸ்க்கைப் பிடித்திருந்த ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்து, இப்போது டிஸ்க்கும் சில்லும் வந்து பூட்டுப்படுகிற நடுப்பாகமான ஹப்பின் வெறும் முகத்தில் ஊசியை வைக்கப் போனார். வைக்க முடியவில்லை. முகம் முழுக்கத் துரு. தட்டையான இடமே இல்லை.

சுரண்டியால் ஒரு பக்கம் தட்டினார். சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு துருச் செதில் கழன்று விழுந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்து, "இதுதான் சேர் உங்கட மூணு சோடி டிஸ்க்கு" என்றார்.

அந்தச் செதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன், வகுப்பில் காட்டுவதற்கு. பாடசாலையின் நுண்மானித் திருகுக் கணிச்சியில் அளந்தபோது 0.08 மில்லிமீற்றர் தடிப்பு. டிஸ்க் வந்து உட்காருகிற ஹப்பின் முகம் சிறியது, டிஸ்க்கின் விட்டமோ 284 மில்லிமீற்றர். நடுவில் 0.08 தூக்கினால் விளிம்பில் அதன் இரட்டிப்புக்குக் கிட்டப் போகும். மேசைக் காலுக்குக் கீழே ஒரு காகிதத்தை மடித்து வைத்தால் மேசையின் மறுமூலை எவ்வளவு ஏறும், அதே கணக்கு. புது டிஸ்க் ஒவ்வொன்றும் நேராகத்தான் வந்தது. சரிந்த கதிரையில் இருத்திவைத்துவிட்டு, சரிந்திருக்கிறாய் என்று அதைக் குற்றம் சொல்லியிருக்கிறோம்.

எனக்கு விளங்காமல் இருந்தது ஒன்றுதான். துரு முதல் நாளே அங்கே இருந்தால், நடுக்கம் ஏன் மூவாயிரம் கிலோமீற்றர் கழித்து வருகிறது? நானா சொன்ன விளக்கம், நான் பிறகு வாசித்ததோடும் ஒத்துப்போனது. பேட் என்கிற உராய்வுக் கட்டைகளைப் பிஸ்டனால் தள்ளி டிஸ்க்கின் இரண்டு பக்கமும் அமத்துகிற கவ்விதான் கலிப்பர். இந்தக் காரின் முன் கலிப்பர் மிதக்கிற வகை. டிஸ்க் கொஞ்சம் ஆடினாலும் கலிப்பர் அதனோடு சேர்ந்து ஆடிக்கொடுக்கும், அதனால் ஆட்டம் உடனே காலுக்குத் தெரியாது. ஆனால் பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதும் அந்த ஆடுகிற விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டில் உரசிக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஒரே இடம் உரசினால் அந்த இடம் மெலியும். சில பேட்டுகள் தேய்ப்பதற்குப் பதிலாகத் தங்கள் சாமானை அங்கே பூசிவிடும், அப்போது அந்த இடம் தடிக்கும். இரண்டில் எது நடந்தாலும் டிஸ்க் சுற்றிவர ஒரே தடிப்பில் இல்லை. பிரேக் பிடிக்கும்போது தடித்த இடம் வந்தால் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளுப்படும், மெல்லிய இடம் வந்தால் முன்னுக்கு வரும். அதுதான் பெடலில் குதிக்கிறது, ஸ்டியரிங்கில் நடுங்குகிறது.

அன்றைக்கே திருகுக் கணிச்சியால் சுற்றிவர எட்டு இடத்தில் அளந்தோம். கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையில் 0.03 மில்லிமீற்றர். தலைமயிரின் பாதித் தடிப்புக்கூட இல்லை. அவ்வளவு போதும், ஒன்றரைத் தொன் காரை நடுங்க வைக்க.

லேத்தில் சீவியது ஏன் நிற்கவில்லை என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. லேத்காரர் டிஸ்க்கை லேத்தின் மையத்தில் பிடித்து நேராக்குகிறார். திரும்பக் கொண்டுவந்து நாங்கள் பூட்டுவது துருப்பிடித்த ஹப்பில். அதோடு, சீவச் சீவ டிஸ்க் மெலிகிறது. மெலிந்த இரும்பு சீக்கிரம் சூடேறும். டிஸ்க்கில் ஆகக்குறைந்த தடிப்பு எவ்வளவு என்று அடித்தே இருப்பார்கள். நான் சீவக் கொடுத்த நாளில் அந்த எண்ணை வாசித்ததே இல்லை.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும். எங்கள் வீட்டிலிருந்து கடல் முன்னூறு மீற்றர். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் விரலில் உப்புப் பிசுபிசுக்கும். காலையில் காரை எடுத்தால் டிஸ்க் முழுக்கச் செம்மஞ்சள். அது பயப்பட வேண்டியதில்லை, இரண்டு தரம் பிடித்தால் போய்விடும். போகாதது 2022இல் வந்தது. பெற்றோல் இல்லாத அந்த மாதங்களில் கார் கொட்டிலிலேயே நின்றது. கியூ ஆர் முறை வந்து கிழமைக்கு 20 லீற்றர் கிடைக்கத் தொடங்கிய பிறகும் மோட்டார் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். நானா டிஸ்க்கை வெயிலுக்கு நேரே சரித்துப் பிடித்துக் காட்டினார்: பேட்டின் வடிவத்தில், ஓரம் ஓரமாக வெட்டி ஒட்டினது போல, ஒரு கறை. மாதக்கணக்கில் பேட் ஒரே இடத்தில் முட்டி நின்று, இடையில் ஈரம் பிடித்து, அரித்திருக்கிறது. இப்போது கார் ஓடாத கிழமைகளில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு முழம் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு தன் வானுக்கும் அதைத்தான் செய்கிறார்.

அந்தக் கறைக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று இருந்தது. அது துரு இல்லை. நீலமும் கறுப்பும் கலந்த நிழல், பேட்டின் அதே வடிவம்.

"மலையால இறங்கி வந்து எங்கேயாவது பிரேக்க அமத்திக்கொண்டு நிண்டீங்களா?"

நின்றேன். இறம்பொடையில். சித்திரைக் காலத்து நுவரெலியா நெரிசல் தெரியும்தானே. வளைவு வளைவாக இறங்கி, நீர்வீழ்ச்சிக்குக் கிட்ட வாகனங்கள் மாலை கட்டினது போல நின்றன. ஓட்டோ கியர் டியில் கிடக்க, பிரேக்கை அமத்தியபடி பத்து நிமிடம் நின்றேன். ஜன்னலுக்குள்ளால் கருகல் மணம் வந்தது. முன்னால் நிற்கிற லொறியின் கிளட்ச் என்று நினைத்தேன். மணம் என்னுடையது. டிஸ்க் கொதித்திருக்கும்போது பேட்டை ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் பேட்டின் பிசின் அங்கே ஒட்டிக்கொள்ளும். இன்னும் கூடச் சூடானால், 650, 700 பாகை அளவில், வார்ப்பிரும்பே அந்த இடத்தில் மாறி, சீமெந்தைட் என்ற இரும்புக் காபைட்டுக் கடினப் புள்ளியாகிவிடும். ஒட்டின பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். கடினப் புள்ளி வந்த டிஸ்க்கை ஒன்றும் செய்ய முடியாது. மேலால் சீவினாலும் உள்ளே இருந்து திரும்ப எழும்பும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கம்பளை கிட்டத்தட்ட 500. காரும் நாங்கள் ஐந்து பேரும் மரக்கறி மூட்டையும் சேர்ந்து 1,700 கிலோ. இறங்கி முடிய விடுபடுகிற சக்தி ஏறக்குறைய 2 கோடி 30 இலட்சம் யூல். எழுபது லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மற்றதை நாலு டிஸ்க் சுமக்க வேண்டும், அதிலும் பெரும்பங்கு முன் இரண்டு. என் முன் டிஸ்க்குகள் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெறும் தகடு. நடுவில் காற்றோட்டம் இல்லை. அதை வைத்துக்கொண்டு, கியரை டியில் விட்டுவிட்டு, மலை முழுக்கப் பிரேக்கில் கால் வைத்து இறங்கியிருக்கிறேன். அந்த எஞ்சினை 3இலும் 2இலும் போட்டு இறக்கியிருந்தால் பாதி வேலையை அது செய்திருக்கும்.

ஹப்பைத் துடைத்ததோடு நானா விடவில்லை. வலதுபக்கக் கலிப்பர் வழுக்குகிற ஊசிகள் உப்பில் இறுகி, பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் இருந்தது. கலிப்பருக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகிற ரப்பர்க் குழாய் வெளியே பார்க்க நல்லாயிருந்தது. வெட்டிக் காட்டினார், உள்ளே வீங்கி ஓட்டை ஊசிக்கண் மாதிரி. பிரேக்கை அமத்தும்போது உங்கள் காலின் பலத்தில் எண்ணெய் போய்விடும், விட்ட பிறகு திரும்பிவர வழி இல்லை. பேட் பிடித்தபடியே இருக்கும், டிஸ்க் வெந்துகொண்டே ஓடும். முப்பது வருடக் காரில் இந்தக் குழாயை மாற்றாமல் டிஸ்க்குக்குக் காசு போடுவது வீண் என்று இப்போது யாரைக் கண்டாலும் சொல்கிறேன். ஓட்டம் முடிந்து நிறுத்தியதும் நாலு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி இருந்தால் அங்கேதான் பிழை.

ஹப் பெயாரிங்கும் தளர்ந்திருந்தது. இந்த மொடலில் முன் பெயாரிங் இறுக்கி விடுகிற வகை. விடவேண்டிய இடைவெளி 0.01 தொடக்கம் 0.02 மில்லிமீற்றர். டயல் கேஜ் இல்லாமல் கைப்பழக்கத்தில் இறுக்குகிறவர்கள்தான் அதிகம். பெயாரிங் ஆடினால் டிஸ்க்கும் ஆடும், பிறகு எந்த டிஸ்க் போட்டும் பயனில்லை.

பிரேக்கைப் பெரிதாக்குவது என்ற கதை அதற்குப் பிறகுதான் வந்தது. எனக்கு ஆசை 500 ஈ காரின் பிரேக். அந்தக் கார் போர்ஷே தொழிற்சாலையில் கைபட்டுச் செய்தது, முன் டிஸ்க் 300 மில்லிமீற்றர், 16 அங்குலச் சில்லு. நானா ஒரே வார்த்தையில் முடித்தார்: "உங்கட எஞ்சினுக்கு அது எதுக்கு?" அதே உடம்பில் வந்த ஆறு சிலிண்டர்க் காரின் டிஸ்க்கைக் கைகாட்டினார். விட்டம் எனக்குள்ள அதே 284, தடிப்பு 22, நடுவில் காற்றோடும் அறைகள். என் 15 அங்குலச் சில்லுக்குள் அப்படியே அடங்கும். நிற்கும் தூரம் இதனால் பெரிதாகக் குறையாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தரம் அமத்தி நிறுத்துவதற்கு டயர்தான் எல்லை. பத்தாவது தரம் அமத்தும்போதும் முதல் தரம் போலவே பிடிக்கும் என்பதுதான் ஆதாயம். பழைய டிஸ்க்கைக் கடைத் தராசில் வைத்தபோது ஐந்து கிலோ வரவில்லை, புதியது ஏழுக்குக் கிட்ட. சூட்டை வாங்கி வைக்க அவ்வளவு கூடுதல் இரும்பு.

தடித்த டிஸ்க்குக்கு அதற்குரிய அகலமான கலிப்பர் வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் அரைநாள் அலைந்து பாவித்த சோடி ஒன்று எடுத்தேன். முதல் கடையில் துளை போட்ட டிஸ்க்கைக் காட்டி, "ரேசிங் சாமான், சூடே ஏறாது" என்றார்கள். பார்வைக்கு வடிவுதான். தெருக் காருக்குத் துளை வேண்டாம். சூடேறிக் குளிரும்போது துளையின் ஓரத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். இன்னொரு கடையில் தந்த "ஒரிஜினல்" பேட்டில் எழுத்து விரல் பட்டதும் அழிந்தது. திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் டிஸ்க்கும் பேட்டும் பெயருள்ள ஜேர்மன் தயாரிப்பு, கலிப்பருக்கு ரப்பர் சீல் தொகுதி புதிதாய். பாவித்த கலிப்பரைச் சீல் மாற்றாமல் பூட்டக்கூடாது. பிஸ்டனை வெளியே எடுத்து, துருக் குழி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தோம். ஒன்றில் இருந்தது, அந்தப் பிஸ்டனை மாற்றினோம்.

பூட்டின நாள் ஒரு போயா, பௌர்ணமி விடுமுறை. ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையாலும் பிறகு மெல்லிய உப்புத்தாளாலும் வெள்ளி தெரியும்வரை எடுக்க ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போனது. டிஸ்க்கைத் தொட முதல் ஹப்பில் ஊசி வைத்தார்: 0.01. புது டிஸ்க்கில் துருப்பிடியாமல் இருக்கப் பூசியிருந்த எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவி, மாட்டி, சில்லுப் போல்ட்டுகளை வளையம் வைத்து இறுக்கி, திரும்ப ஊசி: 0.06. நான் போதும் என்றேன். அவர் டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட்டுத் துளை தள்ளிச் சுற்றிப் பூட்டினார். பிடிக்கும் சின்னத் திருகாணியை அளந்து முடியும்வரை விட்டுவைத்தார். 0.04. அடுத்த துளை, 0.02. "இது காணும்" என்றார். 0.05க்குள் இருந்தால் நிம்மதி, 0.1ஐத் தாண்டினால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் நடுங்கும் என்பது அவர் கணக்கு. நல்ல இடத்தில் திருகாணித் துளை ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "அப்ப வேற டிஸ்க்கு. இல்லாட்டி ஹப்பில இன்னும் ஊத்த இருக்கு." எங்களுக்கு ஒத்துவந்தது, அது அதிர்ஷ்டம்.

பிரேக் எண்ணெய் முழுக்கப் புதிது, டொட் 4 என்ற தரம். புது எண்ணெய் 230 பாகைக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது என்பது அதன் தரம்; ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். இந்த எண்ணெய் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், எங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய கராஜில் மிச்ச எண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்து எனக்கு விட்டது இப்போது நினைவுக்கு வருகிறது.

புதுப் பேட்டையும் டிஸ்க்கையும் பழக்குவதைத்தான் நம் ஊரில் யாரும் செய்வதில்லை. பேட்டின் சாமான் டிஸ்க்கில் சுற்றிவர ஒரே மாதிரி மெல்லிய படையாகப் படிய வேண்டும், அதற்குத்தான் இது. நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு நிலாவெளி தாண்டிப் புல்மோட்டை ரோட்டில் போனோம். இறக்கக்கண்டிப் பாலம் கழிந்து குச்சவெளிப் பக்கம் நேர் ரோட்டு, அந்த நேரத்தில் மாடு மட்டும்தான். அறுபதில் போய், நடுத்தரமாக அமத்திப் பதினைந்துக்குக் கொண்டுவந்து, நிற்காமல் விட்டு, திரும்ப அறுபது. பத்துத் தரம். எந்தக் காரணத்துக்கும் முழுதாக நிறுத்தக்கூடாது. ஆறாவது தரத்தில் மணம் வரத் தொடங்கியது, ஏழாவதில் ஒரு எருமை. நானா கையைப் பிடித்து, "நிக்காதீங்க, சுத்திப் போங்க" என்றார். எருமையைச் சுற்றிப் போனேன். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் பத்துக் கிலோமீற்றர் மெதுவாக ஓடி ஆறவிட்டோம். வீட்டில் நிறுத்தியபோது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சாம்பல் நிறம்.

இவ்வளவும் செய்து முடித்த இரண்டாம் மாதம் ஒரு டயர்க் கடைப் பையன் எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தான். பஞ்சர் ஒட்டிய பிறகு காற்றுத் துப்பாக்கியால் போல்ட்டுகளை டர்ரென்று, பக்கத்துப் பக்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. சீராக இறுகாத சில்லு டிஸ்க்கை ஹப்பில் கோணலாக அமத்தும். கொதித்துக் குளிர்கிறபோது அந்தக் கோணல் நிலைத்துவிடும். "தம்பி, கையால இறுக்குவம்" என்று சொல்லி எல்லாவற்றையும் தளர்த்தி, குறுக்குக் குறுக்காக மூன்று தடவையில் 110 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். அளவு வைத்து இறுக்குகிற டோர்க் ஸ்பானர் இப்போது டிக்கியில் நிரந்தரம். அவனுக்கு முதலில் கோபம், பிறகு ஸ்பானர் 'டிக்' என்று சொல்வதைக் கேட்டுவிட்டுக் கடைசிப் போல்ட்டைத் தான் இறுக்குவதாகக் கேட்டு வாங்கினான். இரும்புச் சில்லுக்கும் அலோய்ச் சில்லுக்கும் போல்ட்டின் நீளம் வேறு என்பதையும் அங்கேதான் அவனுக்குச் சொன்னேன். மேலதிகச் சில்லு இரும்பாக இருந்தால் அதற்குரிய போல்ட்டு டிக்கியில் இருக்க வேண்டும்.

சேர்விஸ் ஸ்டேஷனில் சொல்ல வேண்டியது ஒன்று. ஓடிவந்த சூட்டோடு சில்லுக்குள் தண்ணீர்த் துப்பாக்கி பிடிக்க விடாதீர்கள். அரை மணித்தியாலம் தேநீர் குடியுங்கள், பிறகு கழுவட்டும்.

2024 சித்திரையில் அதே மலையில் இறங்கினோம். கியர் நெம்புகோல் 2இல், எஞ்சின் கொஞ்சம் முனகிக்கொண்டு. வேகம் கூடும்போது ஒருதரம் நன்றாக அமத்தி, முழுதாக விட்டுவிடுவேன்; கால் பிரேக்கில் தொங்கிக்கொண்டிருப்பது இல்லை. இறம்பொடையில் அதே நெரிசல். முன்னால் உள்ள வாகனத்துக்கு இடைவெளி விட்டு, நிற்கவேண்டி வந்தால் பியில் போட்டு, இடதுகாலால் பார்க்கிங் பிரேக்கை அமத்தினேன். இந்தக் காரில் அது பின் டிஸ்க்கின் நடுவில் இருக்கிற தனி டிரம்மைத்தான் பிடிக்கும், கொதிக்கிற முன் டிஸ்க்கைத் தொடாது. பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார், அடிக்கட்டும். புசல்லாவையில் இறங்கிச் சில்லுக்குக் கிட்டக் கை வைத்துப் பார்த்தேன். சூடுதான், மணம் இல்லை.

ஹபரணை தாண்டி இருட்டில் வரும்போது மனைவி, "ஒருக்கா அமத்திப் பாருங்கோவன்" என்றாள். பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்துவிட்டு எழுபதிலிருந்து அமத்தினேன். மகள் எழும்பவில்லை.

முன் டிஸ்க்கில் இப்போது பதினாலாயிரம் கிலோமீற்றர். போன மாதம் நானா ஊசி வைத்தபோது 0.03. பின் டிஸ்க்கைத்தான் நான் அப்போது செலவுக்குப் பயந்து தொடாமல் விட்டேன். அதில் 0.09 காட்டுகிறது. வருகிற போயாவுக்குக் கம்பித் தூரிகையோடு வரச்சொல்லியிருக்கிறார், ஹப்பை இந்தமுறை நான்தான் சுரண்ட வேண்டுமாம்.